சத்தமில்லாத லைன்

எங்க அக்காவுக்கு ரெண்டு குரல். வீட்டுல ஒண்ணு, வேலையில ஒண்ணு. வீட்டுல அவ வாயைத் திறந்தா மேல் மாடிக்காரங்க ஜன்னலைச் சாத்திக்குவாங்க. "துண்டை எங்கடா போட்டே"ன்னு மகன்கிட்ட கேட்கிறதே ஊர்ச் சண்டை மாதிரி இருக்கும். வேலைக்குப் போய் உட்கார்ந்துட்டா வேற ஆள். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கிறது அவ வேலை. அங்க அவ குரல் வெண்ணெய். "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க நல்லாத்தான் பண்றீங்க. நான் இங்கயேதான் இருக்கேன், வண்டி வந்துக்கிட்டு இருக்கு." இதையே நாள் பூரா, யார் யாருக்கோ.

ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாளேன்னு கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். குரல்ல ஒரு பிசிறு இல்லை. ஆனா மேஜைக்குக் கீழ இடது கை நாற்காலியைப் பிடிச்சிருந்த பிடியில விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வெளிய வந்ததும், "ஏன்க்கா, உனக்கே பயமா இருக்குமா?"ன்னு கேட்டேன்.

"பின்ன, நான் என்ன மரமா?"ன்னா. "கத்துறவங்களைப் பத்திப் பயமில்லைடி. கத்துறதுக்கு மூச்சு இருக்குல்ல. போனை எடுத்தா சில சமயம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. அந்த லைனுக்குத்தான் எனக்குப் பயம்."

அவ வீடு கால்பந்து மைதானத்துக்கு அடுத்த தெரு. சமையலறை ஜன்னலைத் திறந்தா கேலரியோட முதுகு தெரியும், ஆட்டம் தெரியாது. அவ ஒரே மகன்தான் எங்க ஊர் டீமோட கோல் கீப்பர். பத்தொன்பது வயசு. கதவு நிலையில தலை இடிக்கிற உயரம், மனசு மட்டும் கைக்குழந்தை. அவன் ஆடுற ஒரு மேட்சைக்கூட அக்கா பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் கிடையாது. மேட்ச் அன்னைக்குப் பாத்திரம் கழுவுறேன்னு ஜன்னலோரம் நின்னுக்குவா. காதை வச்சே எல்லாம் சொல்லிடுவா. "நாம கோல் போட்டுட்டோம்." "இது ரெஃப்ரியைத் திட்டுறாங்க." "ப்ச், விட்டுட்டான் என் புள்ள." சாயங்காலம் மாமா வந்து சொல்ற கதையும் இவ சொன்னதும் ஒண்ணாத்தான் இருக்கும். மாமான்னா அக்கா வீட்டுக்காரர், டவுன் பஸ் டிரைவர், பையன் ஆடுற ஒரு மேட்சையும் விடாதவர்.

டீம் நல்லா இருந்த காலத்துல இதெல்லாம் வேடிக்கை. அப்புறம் கிளப்புல பெரிய ஆட்டக்காரங்களை எல்லாம் அனுப்பிட்டாங்க. புதுசா டீம் கட்டப் போறோம், சின்னப் பசங்களை வச்சு ஆரம்பிக்கிறோம், மூணு வருஷம் பொறுங்கன்னாங்க. அதுக்குன்னு ஒரு புது கோச்சும் வந்தார். வந்த நாள்ல இருந்து தோல்விதான். சும்மா தோல்வி இல்லை, நாலு, அஞ்சுன்னு கோல் விழுந்த தோல்வி. அந்த மனுஷனோ ஒவ்வொரு தடவையும் மைக்கைப் பிடிச்சு, "ரொம்ப சந்தோஷம், பசங்க அழகா வந்துக்கிட்டு இருக்காங்க"ம்பார். கோல் விழுந்தா ஓரத்துல நின்னு கையைத் தட்டி, "போனது போச்சு, அடுத்த பந்து"ன்னு கத்துவார். ஊர் அவருக்குப் பேரே 'அடுத்த பந்து'ன்னு வச்சிருச்சு.

நான் வேலை பார்க்கிறது மைதான வாசல்ல இருக்கிற பேக்கரியில. அங்க தினமும் பஞ்சாயத்து. கோச்சுக்கு எதிர்க்கட்சி டியூஷன் வாத்தியார். "பரீட்சையில முட்டை வாங்கிட்டு வந்தவன்கிட்ட கையெழுத்து அழகா இருக்குன்னு சொல்லுவேனா நான்? சொன்னா அவன் உருப்படுவானா? தோத்தோம்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டாத்தானே அடுத்தது."

ஆளுங்கட்சி குழாய் ரிப்பேர் பண்றவர். "ஒழுகுற குழாயைத் திட்டினா ஒழுகல் நின்னுடுமா சார்?"

"தட்டிக் கொடுத்தா மட்டும் நின்னுடுமா?"

"அப்படி இல்லை சார். சின்னப் பசங்க. நாலு பேர் முன்னாடி வச்சுத் திட்டினா காலே எழும்பாது."

"காலா? கையைச் சொல்லுங்க. அந்தக் கீப்பர் கை"ன்னு வாத்தியார் ஆரம்பிச்சு, கல்லாவுல நான் நிக்கிறதைப் பார்த்துட்டு, "உங்க அக்கா பையனைச் சொல்லலைம்மா, கோச்சைத்தான் சொல்றேன்"ன்னு பன்னைப் பிய்ச்சு வாயில போட்டுக்குவார். "பன்னைப் பார்த்துத் தின்னுங்க, பல்லு போயிடப் போகுது"ன்னு நானும் சொல்லிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான், அதுக்கென்ன இப்போ.

ஆனா பேக்கரியில பேசுறது பேச்சோட போகும். அக்கா வீட்டுல அப்படி இல்லை. ஒரு நாள் காலையில கதவைத் திறந்தா வாசக்கால்ல ஒரு கிழிஞ்ச கோல் வலையைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. எவன் செஞ்ச வேலைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, தெரிஞ்சா நானே போய் நாலு வார்த்தை கேட்பேன். அதை முதல்ல பார்த்தது பையன்தான். ஒண்ணும் சொல்லாம அவிழ்த்து, அழகா மடிச்சு, மாடிப்படிக்குக் கீழ வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டான். குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ளயே இருந்தான். அக்கா தட்டினா, "வரேன்மா"ங்கிறான், வரலை. தண்ணிச் சத்தம் மட்டும் வருது. கடைசியில தலைகூட நனையாம வந்தான்.

அதுக்கப்புறம் இதே வழக்கமாயிடுச்சு. சோறு பாதி தட்டுலயே இருக்கும். மத்தியானம் படுத்தா கண்ணை மூடிக்கிட்டே, "அடுத்த பந்து, அடுத்த பந்து"ன்னு முனகுவான். ஒரு நாள் நான் போறேன், அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து பாத்ரூம் கதவோட உள் தாழ்ப்பாளை ஸ்க்ரூ டிரைவர் வச்சுக் கழட்டிக்கிட்டு இருக்கா. "மக்கர் பண்ணுது"ன்னா. நல்லா இருந்த தாழ்ப்பாள். அவளுக்கு வேலையில எந்த மாதிரி போனெல்லாம் வரும்னு எனக்குத் தெரியும். பையன் தன்னையே ஏதாவது பண்ணிக்குவானோங்கிற பயம் அவளுக்கு. அவ அதை வாயால சொல்லலை, நான் சொல்றேன். அன்னையில இருந்து அந்த வீட்டுல பாத்ரூம் போறவங்க இருமிக்கிட்டே இருக்கணும். மாமா உள்ள போனார்னா காசநோய்க்காரர் மாதிரி இருமுவார். சிரிப்பா இருக்கும், ஆனா யாரும் சிரிக்கலை.

நான் பையன்கிட்டயே கேட்டுப் பார்த்தேன். "விட்டுத் தொலைடா. வேற வேலையா இல்லை உலகத்துல?"

"சித்தி, வீட்டுல எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பார்க்கிறீங்க. அவர் ஒருத்தர்தான் பந்தைப் பிடிடான்னு சாதாரணமாப் பேசுறார்"ன்னான்.

அப்புறம் வந்தது அந்த மோதல். கீழ விழுந்து பந்தைப் பிடிக்கப் போனவன் தலையில எதிர் டீம்காரன் முட்டி பட்டிருக்கு. எங்களுக்கு ஜன்னல்ல தெரிஞ்சது இவ்வளவுதான்: அவ்வளவு பெரிய கூச்சல் கத்தியால நறுக்கின மாதிரி நின்னுது. அக்கா கையில இருந்த தட்டு கழுவுற தொட்டியில விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல கைத்தட்டல் கேட்டுது, எழுந்துட்டான்னு புரிஞ்சுது. டாக்டர் எல்லாம் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஆனா அக்காவுக்கு அந்த அமைதி காதுல ஒட்டிக்கிச்சு. அன்னைக்கு ராத்திரி டியூட்டியில ஒவ்வொரு போனையும் ரெண்டு மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்டின்னா.

மறுநாளே என்னை இழுத்துக்கிட்டு கோச்சைப் பார்க்கப் போனா. பயிற்சி மைதானத்து மூலையில தகரக் கூரை போட்ட ஒரு ரூம். கொடியில ஈரச் சட்டைங்க தொங்குது. கோச் ஒரு பந்தைக் காலுக்கு நடுவுல வச்சுக் கைப்பம்புல காத்து அடிச்சுக்கிட்டு இருந்தார். "வாங்கம்மா, வாங்க, உட்காருங்க. அபாரமான புள்ளையைப் பெத்திருக்கீங்க"ன்னு ஒரே சிரிப்பு.

அக்கா உட்காரலை. "அவனை வெளிய உட்கார வைங்க"ன்னா. "கெஞ்சிக் கேட்கிறேன். வேற யாரையாவது நிறுத்துங்க. என் புள்ள எனக்கு உசுரோட வேணும்."

கோச் பம்பை நிறுத்தினார். "உட்கார வைக்கலாம்மா, ஒரு நிமிஷ வேலை. ஆனா உட்கார வச்ச அன்னைக்கு இதுவரைக்கும் விழுந்த கோல் அத்தனையும் அவன் தலைக்கு வந்துடும். இவனாலதான் தோத்தோம், தூக்கிட்டாங்க, விட்டது சனின்னு ஊரே பேசும். இப்போ யாரைத் திட்டுறாங்க? என்னைத்தானே. நான் சிரிக்கச் சிரிக்க என்னைத்தான் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்."

"உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

"அற்புதமாத் தூங்குறேன்"ன்னு மறுபடி பம்பை எடுத்துக்கிட்டார்.

வெளிய வந்ததும் அக்கா பொரிஞ்சு தள்ளிட்டா. "தூங்குறாராம். கண்ணைப் பார்த்தியா, குழி விழுந்து கிடக்கு. வாயைத் திறந்தா பொய். அப்படி ஒரு ஆள்கிட்ட என் புள்ளையை விட்டுட்டு வரேன் பாரு."

எனக்கும் சுருக்குன்னு வந்துடுச்சு. "நீ போன்ல சொல்றது என்னவாம்? எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பண்றீங்க, நல்லாத்தான் பண்றீங்கன்னு."

"அது வேற. நான் வண்டி வருதுன்னா வண்டி நிஜமா வரும். இவருக்கு எதுடி வருது?"

வீடு வர்ற வரைக்கும் அவ எனக்கு நாலடி முன்னாடியே வேகவேகமா நடந்தா.

அந்த வாரம் பேக்கரியில ஒரு அதிசயம். வாத்தியாரும் குழாய்க்காரரும் ஒரே மேஜையில சண்டையில்லாம டீ குடிச்சாங்க. மாமாவும் கூட இருந்தார். நான் கிட்டப் போனா பேச்சை நிறுத்திட்டு மழை வருமான்னு மேல பார்த்தாங்க. என்னமோ அவங்க பாடுன்னு விட்டுட்டேன். அவங்க கூடிப் பேசினது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது: அடுத்த மேட்ச்ல விசில் ஊதினதுல இருந்து இடைவேளை வரைக்கும் கேலரி பூரா ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணும், ஒரு சத்தம் வரக்கூடாது, போனை எல்லாம் அணைச்சு வச்சுடணும். கோச் தானா கிளம்பிப் போகட்டும்னு. புது கோச் வந்தா அனுபவமான கீப்பரை எடுப்பாங்க, பையனுக்கு விடுதலை கிடைக்கும்னு மாமா கணக்கு. வீட்டுல சொன்னா இவ வேற பயப்படுவா, சொல்ல வேண்டாம்னு எல்லார் வாயையும் கட்டிட்டார். இருபது வருஷமா இவளோட குடித்தனம் பண்றவர். எதைச் சொல்லாம விட்டா இவ நடுங்கிப் போவாங்கிறது மட்டும் அவருக்குத் தெரியலை.

மேட்ச் அன்னைக்கு நான் அக்கா வீட்டுலதான் இருந்தேன். விசில் கேட்டதும் வழக்கம்போல குழாயை மூடிட்டு ஜன்னல்கிட்ட நின்னா. ஒண்ணும் வரலை. கூச்சல் இல்லை, திட்டு இல்லை, மேளம் இல்லை. எங்கயோ ஒரு சைக்கிள் மணி கேட்டுது.

"எனக்குக் காது அடைச்சிருக்கா?"

"இல்லைக்கா. எனக்கும் கேட்கலை."

"மேட்ச் இருக்குல்ல?"

"விசில் ஊதினாங்களே."

அவ ஈரக் கையோடயே போனை எடுத்தா. மாமாவுக்குப் போன் அடிச்சா, அணைச்சு வச்சிருக்கு. மறுபடி அடிச்சா, அதேதான். தன் கன்ட்ரோல் ரூமுக்கே அடிச்சு, "மைதானத்துல இருந்து ஏதாவது கால் வந்துச்சா?"ன்னு கேட்டா. "இல்லையேக்கா, யாரும் கூப்பிடலை"ன்னு ஒரு பொண்ணு சொன்னது எனக்கும் கேட்டுது. வேற யாரா இருந்தாலும் அதைக் கேட்டு மூச்சு விட்டிருப்பாங்க. இவளுக்கு அதுதான் கடைசி அடி. "இன்னும் யாருமே கூப்பிடலை"ன்னு முணுமுணுத்துட்டு, கையில பாத்திரம் தேய்க்கிற நாரோட படியிறங்கி ஓட ஆரம்பிச்சுட்டா.

நான் கத்திக்கிட்டே பின்னாடி ஓடினேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்லக்கூடாது. அவ்வளவு பெரிய மைதானம், உள்ள ஊரே இருக்கு, வெளிய நின்னா செத்த வீட்டு அமைதிகூட இல்லை, அங்கயாவது யாராவது அழுவாங்க. கேட்காரர் டிக்கெட்னு வாயெடுத்தவர் அக்கா முகத்தைப் பார்த்துட்டு வழி விட்டார். கோல் போஸ்டுக்குப் பின்னாடி இருக்கிற கேலரிப் படியில ஏறினோம். அவ உதடு மட்டும் ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தது.

மேல போய் நின்னா, மொத்தக் கேலரியும் எங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அத்தனை முகம். ஒருத்தர் வாயும் திறக்கலை. ஆட்டத்துக்கு முதுகு, எங்களுக்கு முகம். ஒரு நொடி எனக்கே என்ன நடக்குதுன்னு புரியலை, புள்ளைக்கு என்னவோ ஆயிடுச்சு, அதான் பெத்தவளைப் பார்க்கிறாங்கன்னு நினைச்சுட்டேன். வாத்தியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நாலாவது வரிசையில மாமா. மகனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார்.

அக்கா அவங்க தலைக்கு மேல எட்டிப் பார்த்தா. பையன் கோல் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். முழுசா, உசுரோட. பெரிய கையுறை மாட்டின கை ரெண்டும் தொங்க, ஊரே முதுகு காட்டின இடத்துல தனியா நின்னான். அவ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவனைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தா.

அப்பத்தான் அந்தச் சத்தம். மைதானத்துலயே இருந்த ஒரே ஒரு குரல். "நல்லா இருக்குடா தம்பி. நிக்கிற இடம் சரியா இருக்கு. அடுத்த பந்து, அடுத்த பந்து." கோச் ஓரத்துல நின்னு தனி ஆளாக் கையைத் தட்டிக்கிட்டு இருந்தார்.

அக்கா தலையைச் சாய்ச்சுக் கேட்டா, போன்ல கேட்பாளே அந்த மாதிரி. "அந்தாளுக்குப் பயம்டி"ன்னா. "உசுரே நடுங்குது அவருக்கு."

"குரல்ல ஒண்ணும் தெரியலையேக்கா."

"அதான் சொல்றேன்"ன்னா.

சொல்லிட்டுப் படியிறங்க ஆரம்பிச்சா. அத்தனை பேருக்கும் நடுவுல, ஒவ்வொரு படியா. ஜனங்க ஒதுங்கி வழி விட்டாங்க. மாமா "இந்தா, நில்லு"ன்னு அடிக்குரல்ல கூப்பிட்டார், அவ அந்தப் பக்கமே திரும்பலை. கீழ கம்பி வலைகிட்டப் போய், ரெண்டு கையாலயும் வலையைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டத்தைப் பார்த்து நின்னா. வாழ்க்கையில முதல் தடவை.

பார்த்த முதல் ஆட்டமும் எப்படிப்பட்ட ஆட்டம். அவ போய் நின்ன கொஞ்ச நேரத்துலயே பந்து வந்து விழுந்துடுச்சு. பையன் பாய்ஞ்சான், விரல்ல பட்டுட்டு உள்ள போயிடுச்சு. எதிர் டீம் பசங்க நாலு பேர் கத்தினதோட சரி, கேலரியில ஒரு மூச்சு இல்லை. பையன் எழுந்து, பந்தை எடுக்க கோல் வலைக்குள்ள வந்தான். குனிஞ்சவன் நிமிர்ந்தா எதிர்ல அம்மா.

"வாடா வீட்டுக்கு"ன்னு அக்கா சொல்லப் போறாள்னுதான் நான் நினைச்சேன். அதைச் சொல்லத்தானே இத்தனை வாரமாத் துடிச்சா. வந்தது அந்த வெண்ணெய்க் குரல். "நீ நல்லாத்தான் பண்றே. நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்."

பையன் முகத்துல ரத்தமே இல்லாம போயிடுச்சு. அவன் பிறந்ததுல இருந்து அந்தக் குரல்ல அவன்கிட்ட அவ பேசினதே கிடையாது. கம்பி வலைகிட்ட ஓடி வந்து, "அம்மா, யாருக்கு என்ன ஆச்சு? அப்பாவுக்கா? சித்திக்கா?"ன்னான்.

அக்கா அவனையே பார்த்தா. அப்புறம் மேல் மாடி ஜன்னலைச் சாத்த வைக்கிற குரல்ல போட்டா ஒரு போடு: "யாருக்கும் ஒரு மண்ணும் ஆகலைடா. பந்தை எடுத்துப் போடு முதல்ல." அந்த அமைதியில அது எதிர் கோல் வரைக்கும் போச்சு. கோச் தட்டுறதை நிறுத்திட்டு எங்க பக்கம் பார்த்தார். கேலரியில யாரோ அடக்க முடியாம சிரிச்சாங்க. குழாய்க்காரர்தான் முதல்ல திரும்பினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

பையன் பந்தை எடுத்துக்கிட்டு ஓடினான். பாதியில ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், தோளைக் குலுக்கிச் சிரிச்ச மாதிரி இருந்தது.

மாமா இறங்கி வந்து அக்கா பக்கத்துல நின்னார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவ ஆட்டத்துல இருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. இந்தப் பக்கம் நான் பார்த்துக்கிறேன்"ன்னா. அவர் திரும்பலை, போகவும் இல்லை. ஆட்டம் முடியிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு அங்கயே நின்னார். முடிஞ்சதும் கம்பி வலையில இருந்து அக்கா இடது கையைப் பிரிக்கப் பார்த்தேன். சுலபத்துல வரலை.

அன்னைக்கும் தோத்தோம். கோச் மைக்கைப் பிடிச்சு, பசங்க அழகா வந்துக்கிட்டு இருக்காங்கன்னார். வாத்தியார் தலையில அடிச்சுக்கிட்டார்.

சாயங்காலம் பையன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அக்கா ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தா. பாத்ரூம் கதவு முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்து தாழ்ப்பாளை மறுபடி மாட்டினா. ஒரு ஸ்க்ரூ ரெண்டு தடவை கீழ விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். "நிச்சயமாத்தானாக்கா?"ன்னு கேட்டேன். "பேசாம இரு"ன்னா.

பையன் வந்தான், சேறோட அப்படியே குளிக்கப் போனான். தாழ்ப்பாள் விழுற சத்தம் கேட்டுது. குழாய்ச் சத்தம் கேட்டுது. அக்கா கதவுக்கு வெளிய சுவத்தோட ஒட்டி நின்னா, நானும் நின்னேன். குழாய்ச் சத்தம் நின்னுது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. அவ கை என் கையைத் தேடிப் பிடிச்சுது.

"அம்மா, துண்டு எங்க?"ன்னு உள்ள இருந்து கத்தினான், சுவர் அதிர.

துண்டு அக்கா தோள்லயேதான் இருந்தது. அவ அதை எடுக்கலை. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம், "கேட்கலைடா, இன்னொரு தடவை கத்து"ன்னா.